யூஎஸ்பி–சீரியல் மாட்யூலைக் கருவிக்குள் வைக்கும்போது: கம்பியைவிட மின்சாரம் போகும் வழிதான் முக்கியம்

பிரெட்போர்டில் வைத்துப் பார்க்கும்போது எந்தத் தகராறும் இல்லை. டிஎக்ஸ்டி (அனுப்புவது), ஆர்எக்ஸ்டி (பெறுவது), கிரவுண்ட், 5 வோல்ட் என்று நான்கு கம்பிகள். லேப்டாப்பில் செருகினால் எழுத்துகள் திரையில் ஓடுகின்றன. அதே மாட்யூலை, சொந்தமாக மின்சாரம் உள்ள ஒரு கருவியின் பெட்டிக்குள் வைத்ததும் குழப்பம் ஆரம்பிக்கிறது. சுவிட்சை அணைத்த பிறகும் எல்இடி மங்கலாக எரிகிறது. மறுபடி சுவிட்சைப் போட்டால் கருவி எழுந்திருக்க மறுக்கிறது. ஒரு கம்ப்யூட்டரில் காம்3 என்ற போர்ட் பெயரில் வந்தது இன்னொன்றில் காம்17 ஆகிறது. நேற்றுவரை ஓடிய சிப், டிரைவர் அப்டேட்டுக்கு அப்புறம் யாரென்றே தெரியாமல் போகிறது.

பார்க்க இவை தனித்தனிக் கோளாறுகள். ஆனால் வேர் பெரும்பாலும் ஒன்றுதான்: மாட்யூலை ஒரு கம்பி மாற்றியாக மட்டும் நினைத்துவிடுகிறோம். அது தனக்கென்று மின்சாரம், கிரவுண்ட், கடிகாரம், பெயர் எல்லாம் உள்ள இன்னொரு கருவி. இரண்டு கருவிகளை ஒரே பெட்டியில் குடிவைக்கிறோம் என்று எண்ணி வடிவமைத்தால், மேலே சொன்ன எல்லாவற்றையும் வரைபட நிலையிலேயே தவிர்த்துவிடலாம்.

## இடையில் ஏன் ஒரு சிப் வேண்டும்?

கருவியை இயக்கும் சிப்பான மைக்ரோகன்ட்ரோலருக்குள் இருக்கும் சீரியல் பகுதிக்கு யூஆர்ட் என்று பெயர். அது பேசும் முறை மிகவும் எளிது. பேச்சு இல்லாதபோது கம்பி உயர்நிலையில் நிற்கும். ஒரு பைட் அனுப்ப வேண்டுமென்றால் முதலில் ஒரு பிட் நேரம் தாழ்நிலைக்கு இறங்கும். அது தொடக்க பிட். அடுத்து 8 தரவு பிட்கள். கடைசியில் மறுபடி உயர்நிலை. அது முடிவு பிட். ஆக ஒரு பைட்டுக்கு 10 பிட் நேரம். வேகத்தைப் பாட் ரேட் என்கிறோம்: நொடிக்கு எத்தனை பிட் என்ற கணக்கு.

'அ' என்ற எழுத்தை அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். யூடிஎஃப்-8 முறையில் அது 224, 174, 133 என்று 3 பைட். கம்பியில் 30 பிட் நேரம் எடுக்கும். 9600 பாட் ரேட்டில் ஏறக்குறைய 3.1 மில்லிநொடி. இந்த நேரத்தை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்தப் பேச்சில் இருபுறமும் சமம். யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் பேசலாம். பொதுவான கடிகாரக் கம்பி கிடையாது. இருவரும் ஒரே வேகத்தில் பேசுவோம் என்ற முன்னுடன்பாடு மட்டும்தான்.

யூஎஸ்பி இதற்கு நேரெதிர். அங்கே கம்ப்யூட்டர்தான் தலைவர். அது கேட்டால்தான் கருவி பதில் சொல்ல முடியும். செருகியவுடன் கருவி தன் நிறுவன எண், பொருள் எண், தனக்கு எவ்வளவு மின்னோட்டம் வேண்டும் என்பதையெல்லாம் சொல்லி அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். தரவு பைட் பைட்டாகப் போகாது, பொட்டலங்களாகப் போகும். இந்த இரண்டு உலகங்களுக்கும் நடுவே நின்று மொழிபெயர்ப்பதுதான் யூஎஸ்பி–சீரியல் சிப். யூஎஸ்பி 1.0 வெளியானது 1996 ஜனவரியில். அதன் பிறகு லேப்டாப்களிலிருந்து 9 பின் சீரியல் போர்ட் மெல்ல மறைந்துவிட்டது. ஆனால் மைக்ரோகன்ட்ரோலர்களிலிருந்து யூஆர்ட் மறையவில்லை, மறையப்போவதும் இல்லை. அதனால்தான் இந்தச் சின்ன சிப்புக்கு இன்றுவரை இவ்வளவு தேவை.

## மாட்யூலா, சிப்பா, உள்ளேயே யூஎஸ்பியா?

மூன்று வழிகள் இருக்கின்றன.

1. தயாராகக் கிடைக்கும் மாட்யூலை அப்படியே பெட்டிக்குள் வைப்பது. சில பத்து கருவிகள் மட்டும் செய்கிறவர்களுக்கு இதுதான் சரி. யூஎஸ்பி பக்கத்து வேலையை வேறொருவர் செய்து முடித்திருக்கிறார்.

2. சிப்பை உங்கள் போர்டிலேயே வைப்பது. எண்ணிக்கை கூடும்போது செலவு குறையும், இடமும் மிச்சம். ஆனால் மின்காப்பு, கனெக்டர், தடம் போடுவது எல்லாம் உங்கள் பொறுப்பு.

3. யூஎஸ்பி வசதி உள்ளேயே இருக்கும் மைக்ரோகன்ட்ரோலரை எடுப்பது. ஆர்பி2040, ஈஎஸ்பி32-எஸ்3, எஸ்டிஎம்32 வரிசையில் பல சிப்கள் இப்படி வருகின்றன.

புதிதாக வடிவமைப்பவர்கள் பலரும் மூன்றாவதைத்தான் முதலில் தேடுகிறார்கள். செலவு குறையும் என்பது உண்மை. ஆனால் ஒரு விஷயத்தை யோசிக்க வேண்டும். யூஎஸ்பியை ஃபர்ம்வேரே (சிப்புக்குள் ஓடும் புரோகிராமே) நடத்தும் சிப்களில், ஃபர்ம்வேர் தொங்கிவிட்டால் யூஎஸ்பி போர்ட்டும் சேர்ந்து போய்விடும். ரீசெட் ஆனால் கம்ப்யூட்டரில் போர்ட் மறைந்து மறுபடி தோன்றும். நடுவில் என்ன நடந்தது என்று சொல்லும் வரிகள் தொலைந்துபோகும். தனி யூஎஸ்பி–சீரியல் சிப் இருந்தால், மைக்ரோகன்ட்ரோலர் செத்துக் கிடந்தாலும் போர்ட் திறந்தே இருக்கும். அது கடைசியாகச் சொன்ன சொல்லும் உங்கள் கையில் இருக்கும். களத்தில் போய்ப் பழுது பார்க்க வேண்டிய கருவி என்றால், இந்த ஒரு காரணத்துக்காகவே தனி சிப் வைப்பது நல்லது.

சந்தையில் அதிகம் காணப்படுபவை மூன்று குடும்பங்கள். கிளாஸ்கோவைத் தலைமையிடமாகக் கொண்ட எஃப்டிடிஐயின் எஃப்டி232ஆர், சிலிக்கான் லேப்ஸின் சிபி2102, சீனாவின் டபிள்யூசிஎச் தயாரிக்கும் சிஎச்340. எஃப்டி232ஆர், சிபி2102 இரண்டிலும் கடிகாரம் உள்ளேயே இருக்கிறது. சிஎச்340ஜி என்ற வகைக்கு வெளியே 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் வேண்டும், சிஎச்340சிக்கு வேண்டாம். சென்னை ரிச்சி தெருவில் வாங்கும் மலிவான ஆர்டுயினோ நேனோ போர்டுகளில் பெரும்பாலும் இருப்பது இந்த சிஎச்340தான். வேலை செய்வதில் குறை எதுவும் இல்லை. ஆனால் சிஎச்340ஜியில் ஒவ்வொரு சிப்புக்கும் தனி வரிசை எண் கிடையாது. அதன் விளைவைப் பிறகு பார்ப்போம்.

## 'சீரியல்' என்ற ஒரே பெயரில் மூன்று மின்னழுத்தங்கள்

எடை இயந்திரம், பில் பிரிண்டர், பழைய சிஎன்சி இயந்திரம் எல்லாவற்றிலும் 'சீரியல் போர்ட்' என்றுதான் எழுதியிருக்கும். உள்ளே ஓடுவது ஒன்றல்ல.

1. 5 வோல்ட் யூஆர்ட். ஆர்டுயினோ ஊனோ போன்ற பழைய போர்டுகள்.

2. 3.3 வோல்ட் யூஆர்ட். ஈஎஸ்பி32, ராஸ்பெரி பை, இன்றைய பெரும்பாலான மைக்ரோகன்ட்ரோலர்கள்.

3. ஆர்எஸ்-232. 1960இல் வந்த தரம். இதில் நிலைகள் தலைகீழ்: ஓய்வில் இருக்கும்போது கம்பி எதிர்மறை மின்னழுத்தத்தில் நிற்கும். அனுப்பும் பக்கம் 5 முதல் 15 வோல்ட் வரை இருபுறமும் ஆடும்.

அடையாளம் காண மல்டிமீட்டர் போதும். கருவியை ஆன் செய்து, பேச்சு இல்லாத நேரத்தில் அதன் அனுப்பும் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே அளந்து பாருங்கள். +3.3 அல்லது +5 காட்டினால் யூஆர்ட். −5க்குக் கீழே எதிர்மறையாகக் காட்டினால் ஆர்எஸ்-232. ஆர்எஸ்-232 கம்பியை எஃப்டி232ஆரின் பின்னில் நேரடியாகக் கொடுத்தால் சிப் போய்விடும். நடுவில் மேக்ஸ்232 வகை மாற்றி வேண்டும், 3.3 வோல்ட்டுக்கு மேக்ஸ்3232.

மாட்யூலின் 3.3/5 வோல்ட் ஜம்பரை நம்புவதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. எஃப்டி232ஆரில் விசிசி-ஐஓ என்று ஒரு பின் இருக்கிறது. அதற்குக் கொடுக்கும் மின்னழுத்தம்தான் எல்லா சிக்னல் பின்களின் உயர்நிலை. 1.8 முதல் 5.25 வோல்ட் வரை கொடுக்கலாம். அதை உங்கள் கருவியின் சொந்த மின்வழியிலிருந்தே கொடுத்துவிடுங்கள். கருவி 3.3 வோல்ட் என்றால் சிக்னலும் 3.3 வோல்ட். நாளைக்கு 1.8 வோல்ட் மைக்ரோகன்ட்ரோலருக்கு மாறினாலும் கூடவே மாறிவிடும்.

ஒரு எச்சரிக்கை. எஃப்டிடிஐயின் டிடிஎல்-232ஆர்-3வி3 கேபிளின் பெயரில் 3.3 இருக்கிறது. சிக்னல் கம்பிகள் 3.3 வோல்ட்தான். ஆனால் சிவப்புக் கம்பியில் வருவது யூஎஸ்பியின் 5 வோல்ட். பெயரைப் பார்த்து அந்தச் சிவப்புக் கம்பியை 3.3 வோல்ட் போர்டின் மின்வழியில் இணைத்தால் போர்டு பாழாகிவிடும். இணைக்கும் முன் அளந்து பாருங்கள்.

## மின்சாரம் எங்கிருந்து வருகிறது?

யூஎஸ்பி 2.0 விதிப்படி, அறிமுகம் முடியும் முன் கருவி 100 மில்லிஆம்பியர்தான் எடுக்கலாம். அறிமுகத்தில் கேட்டு, கம்ப்யூட்டர் ஒப்புக்கொண்டால் 500 வரை. செருகும் நொடியில் பெரிய கெபாசிட்டர்கள் ஒரேயடியாக இழுக்காமல் இருக்க, யூஎஸ்பி மின்வழியில் நேரடியாகத் தெரியும் கொள்ளளவு 10 மைக்ரோஃபாரடைத் தாண்டக் கூடாது.

இதைவிட அதிகமாக ஆட்களைச் சிக்கவைப்பது மாட்யூலின் 3.3 வோல்ட் பின். எஃப்டி232ஆருக்குள் இருக்கும் ரெகுலேட்டர் வெளியே தரக்கூடியது 50 மில்லிஆம்பியர்தான். ஈஎஸ்பி8266, ஈஎஸ்பி32 போன்றவை வைஃபையில் அனுப்பும் கணத்தில் இதைப்போலப் பல மடங்கு இழுக்கும். அதனால் என்ன ஆகும் தெரியுமா? சிப் ஆன் ஆகும், முதல் சில வரிகளை ஒழுங்காக அச்சிடும், வைஃபை ஆரம்பிக்கும் இடத்தில் ரீசெட் ஆகும், மறுபடி அதே வரிகள். புரோகிராமில் பிழை என்று நாள் கணக்கில் தேடுவார்கள். பிழை மின்வழியில் இருக்கிறது. 5 வோல்ட்டிலிருந்து தனி ரெகுலேட்டர் வைத்தால் அந்த நிமிடமே நின்றுவிடும்.

## அணைத்த கருவிக்குள் பின்வாசல் வழியாக மின்சாரம்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

கருவிக்குச் சொந்த அடாப்டரோ பேட்டரியோ இருக்கிறது. மாட்யூலுக்கு யூஎஸ்பியிலிருந்து மின்சாரம். கருவியின் சுவிட்சை அணைக்கிறீர்கள். யூஎஸ்பி கேபிள் செருகியபடியே இருக்கிறது. இப்போது மாட்யூலின் டிஎக்ஸ்டி பின் என்ன செய்கிறது? பேச்சு இல்லாதபோது கம்பி உயர்நிலையில் நிற்கும் என்று முதலில் பார்த்தோம் அல்லவா? அது 3.3 வோல்ட்டில் நிற்கிறது. அந்தக் கம்பி மைக்ரோகன்ட்ரோலரின் ஆர்எக்ஸ் பின்னில் போய் முடிகிறது. அந்தப் பின்னுக்குள், நிலைமின் தாக்குதலிலிருந்து காப்பாற்ற, பின்னிலிருந்து விசிசிக்கு, அதாவது சிப்பின் மின்வழிக்கு, ஒரு டையோடு இருக்கிறது. விசிசி பூஜ்யம், பின்னில் 3.3 வோல்ட். டையோடு திறந்துகொள்கிறது. மின்சாரம் ஆர்எக்ஸ் பின் வழியாக விசிசிக்குள் நுழைந்து, கருவி முழுக்கப் பரவுகிறது. டையோடில் 0.6 வோல்ட் போனாலும் 2.7 வோல்ட் மிச்சம். ஆர்டுயினோ ஊனோவில் இருக்கும் ஏட்மெகா328பி சிப் 1.8 வோல்ட்டிலிருந்தே ஓடக்கூடியது. மங்கலாக எரிந்த எல்இடிக்கு விளக்கம் இதுதான். இதைத்தான் பின்வழி மின்சாரம் என்கிறோம்.

விளைவு எல்இடியோடு நிற்பதில்லை. மைக்ரோகன்ட்ரோலர் சரியாக ரீசெட் ஆக வேண்டுமென்றால் விசிசி பூஜ்யத்துக்கு அருகே இறங்கி ஏற வேண்டும். பின்வழி மின்சாரம் அதைப் பாதியில் தாங்கிப் பிடித்துக்கொள்கிறது. சுவிட்சைப் போடும்போது சிப் பாதித் தூக்கத்திலிருந்து எழுகிறது; சில நேரம் ஓடும், சில நேரம் தொங்கும். அது மட்டுமல்ல, அந்தச் சின்ன டையோடு ஒரு மின்வழியைச் சுமக்கச் செய்யப்பட்டது அல்ல. நாள்பட அந்தப் பின் கெட்டுப்போகும்.

தீர்வுகள் எளிமையிலிருந்து கடினம் நோக்கி:

1. இரண்டு சிக்னல் கம்பியிலும் தொடராக 1 கிலோ ஓம் ரெசிஸ்டர். பின்வழி மின்னோட்டம் அதிகபட்சம் 2.7 மில்லிஆம்பியருக்குள் அடங்கிவிடும். இதனால் சிக்னல் கெடுமா என்ற பயம் வேண்டாம்: கம்பியின் கொள்ளளவு 50 பிக்கோஃபாரட் என்றாலும் தாமதம் 50 நானோநொடி, 115200 பாட் ரேட்டில் ஒரு பிட்டின் நீளம் 8.68 மைக்ரோநொடி. ஆனால் இது பாதிப்பைக் குறைக்கும், ஒழிக்காது. மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடும் சிப்புக்கு 2.7 மில்லிஆம்பியரே விருந்து.

2. விசிசி-ஐஓவைக் கருவியின் மின்வழியிலிருந்து கொடுப்பது. கருவி அணைந்தால் விசிசி-ஐஓவும் இல்லை. டிஎக்ஸ்டியை உயர்நிலைக்குத் தள்ள மாட்யூலிடம் மின்சாரம் இருக்காது. செலவே இல்லாத தீர்வு. மாட்யூலில் அந்தப் பின் தனியாக வெளியே வந்திருக்கிறதா, உங்கள் சிப்பின் டேட்டாஷீட் இதை அனுமதிக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

3. நடுவில் 74எல்விசி வகை பஃபர் (சிக்னலை வாங்கி அப்படியே மறுபக்கம் கொடுக்கும் சிப்). இந்த வகை, தனக்கு மின்சாரம் இல்லாதபோது உள்ளே வரும் சிக்னலைத் தன் மின்வழிக்குள் விடாது. பஃபருக்குக் கருவியின் விசிசியைக் கொடுத்தால் முடிந்தது. 1.8 வோல்ட் கருவியிலும் நம்பிக்கையோடு வைக்கலாம்.

மறுபக்கமும் உண்டு. கருவி ஆனில் இருக்கிறது, மாட்யூலுக்கும் அதே மின்சாரம் கொடுத்திருக்கிறீர்கள், கம்ப்யூட்டர் அணைந்திருக்கிறது. அப்போது மாட்யூல் தன் டி-பிளஸ் கம்பியில் உள்ள 1.5 கிலோ ஓம் புல்-அப் (கம்பியை உயர்நிலைக்கு இழுக்கும் ரெசிஸ்டர்) வழியாக அணைந்த கம்ப்யூட்டருக்குள் மின்சாரம் தள்ளும். யூஎஸ்பி விதி இதை அனுமதிப்பதில்லை. எஃப்டி232ஆரின் டேட்டாஷீட்டில் இதற்கு வழி வரைந்தே இருக்கிறது: யூஎஸ்பியின் 5 வோல்ட்டை 4.7 கிலோ ஓம், 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்களால் பிரித்து ரீசெட் பின்னுக்குக் கொடுப்பது. யூஎஸ்பியில் மின்சாரம் இல்லையென்றால் சிப் ரீசெட்டிலேயே இருக்கும், புல்-அப்பும் இணையாது.

## கிரவுண்டும் உயிர்ப் பாதுகாப்பும்

யூஎஸ்பி கேபிளைச் செருகியதும் கருவியின் கிரவுண்டும் கம்ப்யூட்டரின் கிரவுண்டும் ஒன்றாகிவிடுகின்றன. இரண்டுமே சின்ன பேட்டரியில் ஓடினால் கவலை இல்லை. மோட்டார், ரிலே, இன்வெர்ட்டர் உள்ள இயந்திரமாக இருந்தால், அங்கிருந்து வரும் இரைச்சல் இந்த வழியாக ஓடி யூஎஸ்பி தொடர்பைத் துண்டித்துவிடும். மோட்டார் ஆரம்பிக்கும் ஒவ்வொரு முறையும் போர்ட் மறைகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

இன்னும் கடுமையான ஒன்று. டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல், கெபாசிட்டர் வழியாக 230 வோல்ட்டிலிருந்து நேரடியாக மின்சாரம் எடுக்கும் கருவிகள் இருக்கின்றன: சில எல்இடி டிரைவர்கள், டைமர்கள், மின்மீட்டர்கள். அவற்றின் 'கிரவுண்ட்' மெயின்ஸ் மின்சாரத்தோடு நேரடித் தொடர்பில் இருக்கும். அதில் சாதாரண யூஎஸ்பி–சீரியல் மாட்யூலைச் செருகினால் லேப்டாப்பின் உலோக உடலிலேயே மெயின்ஸ் வரலாம். இது உயிர் போகிற விஷயம். ஐசொலேஷன் (இருபுறத்துக்கும் நடுவே மின்தொடர்பு இல்லாமல் சிக்னலை மட்டும் கடத்துவது) இல்லாமல் இவற்றைத் தொடவே கூடாது.

ஐசொலேஷனை எங்கே வைப்பது? யூஎஸ்பி பக்கம் வைக்கலாம், ஏடியூஎம்4160 போன்ற சிப்கள் அதற்கென்றே உள்ளன. ஆனால் யூஆர்ட் பக்கம் வைப்பதே மலிவு, எளிது: இரண்டே கம்பிகள், வேகமும் குறைவு. ஏடியூஎம்1201 போன்ற இரண்டு வழி ஐசொலேட்டர் ஒன்று போதும். ஒருபுறம் யூஎஸ்பியின் மின்சாரம், மறுபுறம் கருவியின் மின்சாரம், நடுவில் போர்டில் எந்தத் தடமும் இல்லாத இடைவெளி. இப்படிச் செய்தால் முந்தைய பகுதியில் பார்த்த பின்வழி மின்சாரமும் சேர்ந்தே ஒழியும்.

## நேரக் கணக்கு

பொதுக் கடிகாரம் இல்லாததால் இருபுறமும் வேகம் ஒத்துப்போக வேண்டும். ஒரு பைட்டின் 10 பிட்டும் முடிவதற்குள் சேரும் விலகல் அரை பிட்டைத் தாண்டினால் கடைசி பிட் தப்பாகப் படிக்கப்படும். அதாவது இருவருக்கும் சேர்த்து ஏறக்குறைய 5 சதவீதம். பாதுகாப்புக்கு ஒவ்வொருவரும் 2 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. 16 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஏட்மெகா328பியால் 115200ஐத் துல்லியமாக உருவாக்க முடியாது. கிடைப்பது 117647, விலகல் 2.1 சதவீதம். மேசையில் ஓடும். அதே சிப் 8 மெகாஹெர்ட்ஸில் கொடுப்பது 111111, விலகல் 3.5 சதவீதம். இங்கேதான் 'சில எழுத்துகள் மட்டும் குப்பையாக வருகின்றன' என்ற புகார் பிறக்கிறது. 57600க்கோ 38400க்கோ இறங்கிவிடுங்கள்.

இன்னொன்று, காத்திருப்பு நேரம். எஃப்டி232ஆர் வந்த பைட்களை உடனே கம்ப்யூட்டருக்கு அனுப்பாது. பொட்டலம் நிறையும்வரை, அல்லது ஒரு டைமர் முடியும்வரை காத்திருக்கும். விண்டோஸ் டிரைவரில் அந்த டைமர் வழக்கமாக 16 மில்லிநொடி. முன்பு பார்த்த 'அ' 3.1 மில்லிநொடியில் சிப்புக்கு வந்து சேர்ந்துவிடும்; ஆனால் உங்கள் புரோகிராமுக்கு அதைவிடப் பல மடங்கு தாமதமாகத்தான் கிடைக்கும். கேள்வி–பதில் முறையில் 100 கேள்வி கேட்டால் காத்திருப்பே 1.6 நொடிவரை ஆகலாம். டிரைவர் அமைப்பில் இதை 1 மில்லிநொடிவரை குறைக்கலாம். தொழிற்சாலைக் கருவிகள் சீரியலில் பேசும் மோட்பஸ் ஆர்டியூ முறையைப் பயன்படுத்துகிறவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்: அங்கே 3.5 எழுத்து நேர அமைதிதான் செய்தி முடிந்ததற்கு அடையாளம். 9600இல் அது 4 மில்லிநொடி. யூஎஸ்பி பொட்டலங்களைக் கடந்து வந்த பிறகு கம்ப்யூட்டர் பக்கத்தில் அந்த அமைதியை அளப்பதில் அர்த்தம் இல்லை. செய்தியின் நீளத்தையும் சரிபார்ப்பு எண்ணையும் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

## போர்ட்டைத் திறந்தால் கருவி ரீசெட் ஆகிறது

ஆர்டுயினோ போர்டுகளில் டிடிஆர் பின் (கம்ப்யூட்டர் தயார் என்று சொல்லும் சிக்னல்), 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வழியாக ரீசெட்டுக்குப் போகிறது. புரோகிராம் ஏற்றும்போது பட்டனை அழுத்தாமல் இருக்க அந்த ஏற்பாடு. ஆனால் கம்ப்யூட்டரில் போர்ட்டைத் திறந்தாலே பெரும்பாலும் டிடிஆர் மாறும். மாதக் கணக்கில் அளவுகளைச் சேர்த்து வைத்திருக்கும் கருவி, பார்க்கலாம் என்று யாரோ டெர்மினலைத் திறந்ததும் ரீசெட் ஆனால் எப்படி இருக்கும்? வடிவமைக்கும்போதே அந்தக் கெபாசிட்டருக்கு முன்னால் ஒரு ஜம்பர் வையுங்கள். தொழிற்சாலையில் மூடி, புரோகிராம் ஏற்றியதும் திறந்துவிடலாம்.

## கருவியின் பெயர்

யூஎஸ்பியில் ஒவ்வொரு கருவிக்கும் நிறுவன எண், பொருள் எண் என்று இரண்டு எண்கள் உண்டு. எஃப்டி232ஆருக்கு 0403, 6001. இந்த எண்களைப் பார்த்துத்தான் கம்ப்யூட்டர் டிரைவரைத் தேர்ந்தெடுக்கிறது. மூன்றாவதாக வரிசை எண் ஒன்றும் இருக்கலாம்.

இந்தப் பெயர் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை 2014 அக்டோபர் காட்டியது. எஃப்டி232ஆர் போலவே நடிக்கும் போலி சிப்கள் அப்போது சந்தையில் நிறைய இருந்தன. எஃப்டிடிஐயின் புதிய டிரைவர் விண்டோஸ் அப்டேட் வழியாக வந்து, போலி என்று கண்ட சிப்களின் பொருள் எண்ணை 0 என்று மாற்றி எழுதியது. எண் சிப்புக்குள்ளேயே பதிவாவதால், அந்தக் கருவி வேறு கம்ப்யூட்டரிலும், லினக்ஸிலும்கூட வேலை செய்யவில்லை. எதிர்ப்பு கிளம்பியதும் அந்த டிரைவர் திரும்பப் பெறப்பட்டது. 2016இல் வந்த பதிப்பு எண்ணை அழிக்கவில்லை. போலி சிப் என்றால், தரவுக்குப் பதிலாக 'அசல் அல்லாத கருவி' என்ற பொருள்படும் ஆங்கில வரியை அனுப்பியது.

நிறுவனத்தின் உழைப்பைத் திருடி விற்பது தவறு. ஆனால் தண்டனை போய்ச் சேர்ந்தது போலி செய்தவரிடம் அல்ல. தெரியாமல் வாங்கிய கடைசி ஆளிடம். வடிவமைப்பாளர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது: சிப்பை அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் வாங்குங்கள், பில்லைப் பத்திரப்படுத்துங்கள். விலை தாங்காது என்றால் போலி எஃப்டி232ஆரைவிட அசல் சிஎச்340 எவ்வளவோ மேல்.

வரிசை எண்ணின் விளைவு அன்றாடமானது. விண்டோஸில், வரிசை எண் இல்லாத சிப்பை வேறொரு யூஎஸ்பி துவாரத்தில் செருகினால் வேறு காம் எண் கிடைக்கும். வரிசை எண் இருந்தால் எங்கே செருகினாலும் அதே எண். லினக்ஸில் வரிசை எண் இருந்தால், செருகிய வரிசையைப் பொறுத்து மாறாத நிலையான பெயர் தானாகவே உருவாகும். ஒரே மேசையில் நான்கு கருவிகளை இணைக்கப் போகிறீர்கள் என்றால் வரிசை எண் உள்ள சிப் கட்டாயம்.

எல்லோருக்கும் பொதுவான எண்ணையே வைத்திருப்பதிலும் ஒரு தொல்லை உண்டு. உபுண்டு 22.04இல் பலருக்கும் சிஎச்340 போர்ட் தோன்றி உடனே மறைந்தது. பார்வையற்றோருக்கான பிரெய்ல் காட்சிக் கருவிகளை இயக்கும் பிஆர்எல்டிடிஒய் என்ற மென்பொருள், அதே எண்ணைப் பார்த்து இது தன்னுடைய கருவி என்று எடுத்துக்கொண்டதுதான் காரணம். விற்பனைக்குப் போகும் பொருள் என்றால் சொந்தப் பொருள் எண் வாங்கிவிடுங்கள். எஃப்டிடிஐ போன்ற சிப் நிறுவனங்கள் தங்கள் நிறுவன எண்ணின் கீழ் வாடிக்கையாளருக்குத் தனிப் பொருள் எண் ஒதுக்கித் தருகின்றன. திறந்த வன்பொருள் செய்கிறவர்களுக்கு 1209 என்ற நிறுவன எண்ணின் கீழ் இலவசமாகக் கிடைக்கிறது.

## டைப்-சி கனெக்டர்

பழைய மைக்ரோ யூஎஸ்பியை டைப்-சியாக மாற்றும்போது சிசி1, சிசி2 என்ற இரண்டு பின்களுக்கும் தனித்தனியே 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டரைக் கிரவுண்டுக்குப் போட வேண்டும். விட்டுவிட்டால், ஒருமுனை நீள்சதுரமான (டைப்-ஏ) பழைய கேபிளில் வேலை செய்யும். இருமுனையும் சி உள்ள கேபிளில் மின்சாரமே வராது. இரண்டுக்கும் ஒரே ரெசிஸ்டரைப் பகிரவும் கூடாது. 2019இல் வெளியான ராஸ்பெரி பை 4இன் முதல் போர்டுகளில் அப்படித்தான் பகிரப்பட்டிருந்தது. உள்ளே அடையாளச் சிப் உள்ள கேபிள்களில் அந்த போர்டுகளுக்கு மின்சாரம் கிடைக்கவில்லை. பிறகு திருத்தப்பட்டது. கனெக்டருக்குப் பக்கத்திலேயே யூஎஸ்பிஎல்சி6-2 போன்ற நிலைமின் காப்பு, டி-பிளஸ், டி-மைனஸ் இரண்டும் ஒட்டியே ஓடும் 90 ஓம் தடம்: இந்த இரண்டையும் போட்டுவிட்டால் போதும்.

## பெட்டியை மூடும் முன் மல்டிமீட்டரோடு

1. கருவியை ஆன் செய்து, மாட்யூல் இணைக்காமல், அனுப்பும் பின்னின் ஓய்வு மின்னழுத்தத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

2. மோட்டாரோ ரிலேயோ இருந்தால் 50 முறை போட்டு அணைத்துப் பாருங்கள். போர்ட் ஒருமுறைகூட மறையக் கூடாது.

3. இருமுனையும் சி உள்ள கேபிளை இரண்டு பக்கமாகவும் திருப்பிச் செருகிப் பாருங்கள்.

4. கருவியின் சுவிட்சை அணையுங்கள், அடாப்டரையும் கழற்றுங்கள், யூஎஸ்பியை மட்டும் செருகுங்கள். ஒரு நிமிடம் கழித்து மைக்ரோகன்ட்ரோலரின் விசிசிக்கும் கிரவுண்டுக்கும் நடுவே அளந்து பாருங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பின்வழி மின்சாரம் உள்ளே இருக்கிறது. பிறகு யூஎஸ்பியைக் கழற்றி, அடாப்டரை மட்டும் செருகி, சுவிட்சைப் போட்டு, மாட்யூலின் யூஎஸ்பி 5 வோல்ட் பின்னிலும் அளந்து பாருங்கள். அங்கேயும் பூஜ்யத்தை ஒட்டித்தான் இருக்க வேண்டும்.